எங்க போயி ஒளிஞ்சானோ

எங்கள் கடைக்குத் தபால்காரர் காலை பதினொரு மணிக்கு வருவார், மிஸ். மழை நாளென்றால் பன்னிரண்டாகும். பலாங்கொடை பஸ் நிலையத்துக்கு எதிரே நுஹ்மான் நானாவின் கொமியுனிகேஷன் கடை என்றால் யாரும் காட்டுவார்கள். முன்பக்கம் டெலிபோன், போட்டோ கொப்பி மெஷின்; பின்பக்கம் சீடி அலுமாரி. எட்டு வருடமாக நான்தான் அங்கே வேலைக்கு நிற்கிறேன். மேலே தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறவர்கள் பலர் எங்கள் கடை விலாசத்தைத்தான் கொடுப்பார்கள். தோட்ட ஆபீசுக்குப் போகும் கடிதம் லயத்து வீடுகளுக்கு வந்து சேர வாரக்கணக்காகும், சேராமலும் போகும். எங்களிடம் வந்தால் பத்திரம். அந்த விஷயத்தில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

மனித உரிமை ஆபீசிலிருந்து வந்திருக்கிறீர்கள். அஜந்தன் தடுப்பு முகாமிலிருந்து நான்கு கடிதங்கள் எங்கள் விலாசத்துக்கு அனுப்பியதாக முகாம் பதிவேட்டில் இருக்கிறது என்கிறீர்கள். அவை வந்தனவா என்று கேட்கிறீர்கள். பதில் சொல்கிறேன். பாட்டிலிருந்து தொடங்கினால்தான் அது உங்களுக்கு விளங்கும்.

நானும் அவனும் ஒரே தோட்டத்தில் ஒரே டிவிசன், அடுத்தடுத்த லயம். ரெண்டாயிரத்து ஐந்தில் ராப் சொல்லத் தொடங்கினோம். கடையில் கம்பியூட்டர் இருந்தது. பௌர்ணமிப் போயா நாட்களில் கடை பூட்டியிருக்கும்போது நுஹ்மான் நானா சாவியைத் தருவார். நான் தாளம் போடுவேன். அஜந்தன் சொல்லுவான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக் களத்தில் கணக்குப்பிள்ளை பேர் கூப்பிடுவாரே, அந்த வேகத்தில் சொல்லுவான். நடுவில் சிங்களம் வரும், கங்காணியின் ஏச்சு வரும், அட்டை கடித்த கால் வரும்.

"பிரட்டுல பேரு கூப்புட்டா ஆளு இருக்கு, பேப்பருல பேரு தேடுனா ஆளு இல்ல" என்று ஒன்று. அதைக் கேட்டால் எங்கள் களத்தில் நிற்பதுபோல் இருக்கும். நான் சொல்லும் ராப்பைக் கேட்டால் சென்னையில் நிற்பதுபோல் இருக்கும். நான் சென்னையைப் பார்த்ததில்லை.

ரெண்டாயிரத்து ஏழு சித்திரையில் கொழும்புக்குப் போய் ஸியாம் என்கிற ஸ்டூடியோக்காரரிடம் எங்கள் சீடியைக் கொடுத்தோம். நல்ல மனிதர். தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

என்னைப் பார்த்து, "தம்பி, ஒங்கடது ஆடலாம். ஆனா ஒங்களப் போல நூறு பேர் இரிக்கிறாங்க" என்றார். பிறகு அஜந்தனைப் பார்த்தார். "இவர்டது மாதிரி ஒராள்டயும் இல்ல. ஆனா ரேடியோவுல போட ஏலாது. ஒரு கோரஸ் வைங்க. ஆக்கள் திருப்பித் திருப்பிப் பாடுற மாதிரி ஒரு வரி. மத்தத நான் பாத்துக்கொள்றேன்."

"ஒரு தடவ சொன்னா கேக்காதவன் நாலு தடவ சொன்னா மட்டும் கேப்பானாங்க?" என்றான் அஜந்தன். மரியாதையாகத்தான் சொன்னான்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அவனிடம் எவ்வளவோ சொன்னேன். ஒரு வரிதானே, காதல் மாதிரி ஏதாவது, உள்ளே நீ எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள் என்றேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான். குருவிட்ட தாண்டியபின் சொன்னான்: "நீ ஆளுங்கள ஆட வைக்கப் பாக்குற மச்சான். நான் நிக்க வைக்கப் பாக்குறேன்."

"நின்னு கேக்க யாருக்குடா நேரம்?" என்றேன்.

"அதான் பாப்போம்."

சண்டை ஒன்றும் இல்லை. ஆனி மாதம் அவன் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கேயே லொட்ஜில் தங்கினான். அந்த வருடக் கடைசியில், கொழும்பில் குண்டு வெடித்தபின், லொட்ஜ்களில் தமிழ் ஆட்களைப் பிடித்தது உங்களுக்குத் தெரியும். பெயரில் ஓர் எழுத்துப் பிழை என்று அடையாள அட்டையைத் திருத்தக் கொடுத்திருந்தான். கையில் ரசீது மட்டும்தான் இருந்தது. பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று கூட இருந்த ஒருவர் போன் பண்ணிச் சொன்னார். அதோடு தகவல் நின்றது.

அவன் அம்மா ஜெயம்மா, தன் தம்பி பழனியாண்டியைக் கூட்டிக்கொண்டு பொலிஸ் பொலிஸாக அலைந்தாள். மூன்று மாதம். எங்கேயும் அப்படி ஒரு பெயர் இல்லை என்றார்கள். ஒவ்வொரு தடவையும் போகும்போதும் வரும்போதும் கடையில் ஏறி, "ஏதாச்சும் வந்திச்சா தம்பி?" என்று கேட்பாள். இல்லை என்பேன். அப்போது அது உண்மை.

நான் தனியாக ஒரு பாட்டுச் செய்து மாசியில் ஸியாமிடம் கொண்டுபோனேன். கோரஸ் இருந்தது. காதல் இருந்தது. கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "தாளம் நல்லம் தம்பி. ஆனா இதுல நீங்க எங்க? இப்ப ஆக்கள் கேக்கிறது அவங்கட மண்ணிலருந்து வாரத. மலைநாட்டுச் சத்தம் ஒண்டு வேணும். நெசமான ஒரு பொம்புளக் குரல். அது மட்டும் கெடைச்சா இந்தப் பாட்டு எங்கேயோ போகும்."

அதில் எனக்குக் கோபம் வரவில்லை, மிஸ். அவர் சொன்னது சரி. நாங்கள் இருவரும் சேர்ந்திருந்தபோது மண் அவனுடையது, ஆட்டம் என்னுடையது. அவன் போனபின் ஆட்டம் மட்டும் மிஞ்சியது.

எங்கள் டிவிசனில் சாவு விழுந்தால் ஜெயம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அவள் ஒப்பாரி வைத்தால் பந்தலுக்கு வெளியே பீடி குடித்துக்கொண்டு நிற்கிற ஆம்பளைகளும் பேச்சை நிறுத்துவார்கள். நான் போய் முறையாகத்தான் கேட்டேன். ஒரு பாட்டுக்கு வேண்டும், சும்மா நாலு வரி, ரெக்கார்டரில் பதிந்துகொள்கிறேன் என்றேன்.

அவள் கொழுந்துக் கூடையைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சாவு இல்லாம ஒப்பாரி வைக்கக் கூடாதுய்யா. வாய விட்டா வீட்டுக்கு ஆகாது. அதுலயும் புள்ள எங்க இருக்கான்னு தெரியாத வீட்டுல."

அதுவும் சரிதான். நான் வற்புறுத்தவில்லை.

முதல் கடிதம் அதற்கடுத்த வாரம், பங்குனி நாலாந் திகதி, பதினொன்றே காலுக்கு வந்தது. உறையில் என் பெயர். தெற்கே ஒரு முகாமில் இருப்பதாகவும், அடிக்கவில்லை என்றும் எழுதியிருந்தான். பிறப்புச் சான்றிதழும், தோட்டத்துத் துரையிடம் ஒரு கடிதமும், கிராம சேவகர் கையெழுத்தும் கொண்டுவந்து காட்டினால் விட்டுவிடுவார்களாம். "அம்மாகிட்ட ஒடனே சொல்லு மச்சான். அவ பயந்துகிட்டு இருப்பா." கடைசியில் இரண்டு வரி ராப் எழுதியிருந்தான். நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான பஸ்ஸில் மேலே போனேன். கடிதம் சட்டைப் பையில் இருந்தது. கொடுக்கத்தான் போனேன் என்று பல தடவை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கடையிலிருந்து கிளம்பும்போது ரெக்கார்டருக்குப் புது பெற்றரி போட்டேன். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஜெயம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று, "பெரியம்மா, அஜந்தன் பத்திச் செய்தி வந்திருக்கு" என்றேன். அவள் சுளகைக் கீழே வைத்தாள். "அவன் இல்ல பெரியம்மா" என்றேன். உடம்பு தரமாட்டார்கள் என்றும், போய்க் கேட்டால் பழனியாண்டி மாமாவையும் பிடித்துக்கொள்வார்கள் என்றும் சொன்னேன். இரண்டாவது விஷயம் பஸ்ஸில் வரும்போது யோசித்தது.

ரெக்கார்டரைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பீலியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதால் ஜன்னலைச் சாத்தினேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்து கூடவே அழத் தொடங்கினார்கள். குரல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதால், அவளுக்குக் காற்று வேண்டும் என்று சொல்லி அவர்களைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னேன். அவள் தொண்டை வறண்டபோது தண்ணீர் கொடுத்தேன். அது இரக்கத்தால்தான். அதற்குப் பிறகு குரல் இன்னும் தெளிவாக வந்தது என்பதும் உண்மை.

"கொட்ட மழ பெய்யயில கொட புடிச்சு வந்த மகன், எட்டா மல ஏறி எங்க போயி ஒளிஞ்சானோ."

மொத்தம் நாற்பத்தொரு நிமிடம். பதினாறாம் நாள் கருமாதி செய்தார்கள். சமையலுக்கு நான் விறகு ஏற்பாடு பண்ணிக் கொடுத்தேன்.

பாட்டை நீங்களும் கேட்டிருப்பீர்கள், மிஸ். "எங்க போயி ஒளிஞ்சானோ" என்பதை மட்டும் வெட்டியெடுத்து, வேகத்தைக் கூட்டி, கோரஸாக வைத்தேன். அவன் பெயர் வரும் இடங்களை எடுத்துவிட்டேன். கேட்பவர்களுக்கு ஒரு பெண் காதலனைத் தேடுவதுபோல் இருக்கும். ரேடியோவில் போட்டார்கள். கல்யாண வீடுகளில் போட்டார்கள். சித்திரைப் புத்தாண்டு அவுருது விழாவில் சிங்களப் பையன்கள் அர்த்தம் தெரியாமலே பாடி ஆடினார்கள். ஒருவன் என்னிடம் வந்து என்ன அர்த்தம் என்று கேட்டான். "ஆதர சிந்துவக்" என்றேன், காதல் பாட்டு. பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். கூட்டத்தோடு போகாமல் உங்களுக்கென்று ஒரு குரலை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்கள். என் மண்ணை நான் விட்டுக்கொடுக்கவில்லை என்று சொன்னேன். அதைச் சொல்லிவிட்டு வந்த அன்று பஸ்ஸில் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஆனாலும் அடுத்த பேட்டிக்கும் போனேன்.

வைகாசியில் ஜெயம்மா கடைக்கு வந்தாள். கோயில் திருவிழா லவுட்ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறாள்.

"அது என் கொரலு தானே தம்பி?"

"ஆமா பெரியம்மா. அவன் நெனப்பு நிக்கட்டும்னுதான்."

சீடி அலுமாரியைப் பார்த்தாள். "ஊரெல்லாம் போடுறாங்களாமே. கேக்குறவங்க அவனுக்காக அழுவுறாங்களா?"

"அழுவுறாங்க பெரியம்மா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு கடிதம் வந்ததா என்று அவள் கேட்கவே இல்லை. கேட்க என்ன இருக்கிறது.

கடிதங்கள் வந்தன. ஆடியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று, மார்கழியில் ஒன்று. எதையும் நான் கிழிக்கவில்லை. அலுமாரியின் மேல் தட்டில், ஈரம் படாமல், நான்கும் இருக்கின்றன. ஐப்பசிக் கடிதத்தில், "நீ பிஸியா இருப்ப, ஒன் பாட்டு நல்லாப் போவுதுன்னு இங்க ஒருத்தன் சொன்னான், சந்தோசம்" என்று எழுதியிருந்தான். ஒவ்வொரு கடிதம் வந்தபோதும் இப்போது கொடுத்தால் முன்னதைப் பற்றிக் கேட்பார்களே என்று நினைத்தேன். நாள் போகப் போக அது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

தை மாதம் ஜெயம்மாவுக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். யாருக்காகப் போகணும் என்று கேட்டாளாம். ஒன்பது நாளில் போய்விட்டாள். அவளுக்கு ஒப்பாரி வைக்க அவள் அளவுக்குத் தெரிந்தவர்கள் யாரும் டிவிசனில் இல்லை.

மாசிக் கடைசியில், யாரோ ஒரு சட்டத்தரணி போட்ட மனுவில் அஜந்தனை விட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்தான். பாதியாகிப் போயிருந்தான். ஆனால் சிரித்துக்கொண்டு வந்தான். பஸ்ஸில் பாட்டுப் போட்டிருக்கிறார்கள்.

"அம்மாவப் பாட வச்சிட்டியே மச்சான்" என்றான். "கோரஸ் வேணாம் வேணாம்னேன். அவ பாடுனா வேணும்தாண்டா."

நான் கல்லாவில் சில்லறையை அடுக்கினேன்.

"கடுதாசி ஏதும் கெடைச்சிச்சா?"

"ஒண்ணும் வரல மச்சான்" என்றேன்.

அவன் பக்கத்துப் பேக்கரியில் ஒரு பாண் வாங்கிக்கொண்டு மேலே போகிற பஸ்ஸில் ஏறினான். அம்மாவுக்குச் சூடான பாண் பிடிக்கும். நான் கடைக்குள் நின்று பஸ் திரும்புவதைப் பார்த்தேன்.

லயத்தில் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு பத்து நாள் கழித்து இறங்கி வந்தான். நான்தான் சாவுச் செய்தி சொன்னேன் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கிடைத்த செய்தி அப்படி என்றேன். அவன் என் தோளில் கை வைத்து, "எவனோ தப்பாச் சொல்லிட்டான், நீ என்னடா பண்ணுவ" என்றான். அவன் என்னைத் தேற்றினான், மிஸ். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

இப்போது அவன் ராப் சொல்வதில்லை. பழனியாண்டியோடு தேயிலைக் கவ்வாத்து வெட்டப் போகிறான்.

யார் சொன்ன செய்தி என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்பீர்கள் என்றுதான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. கடிதங்களை எடுத்துத் தருகிறேன். பதிவையும் தருகிறேன், வெட்டாதது, முழுவதும். அவனுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதில் ஓர் இடம் இருக்கிறது. பத்தாவது நிமிடத்தில் ஜெயம்மா அழுகையை நிறுத்துவாள். அவள் இன்னும் நம்பவில்லை. அதுவரை வந்த குரல் பாட்டுக்கு உதவாது என்று எனக்கும் தெரிந்திருந்தது. "நெசமாத் தெரியுமாய்யா? யாரு பாத்தது?" என்று கேட்பாள்.

அதற்கு என் குரல், நிதானமாக, "நானே கண்ணால பாத்தேன் பெரியம்மா" என்று சொல்வது கேட்கும்.

ஊரெல்லாம் ஆடுகிற அந்தக் கோரஸ் அதற்கு அடுத்த மூச்சில் வந்தது. அந்தப் பாட்டில் யாரையும் பார்த்துச் செய்யாமல், யாரிடமும் இரவல் வாங்காமல், நானாகச் சொன்ன வரி அது ஒன்றுதான். பாட்டுச் செய்யும்போது அதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டேன்.