நீஸ் நகரத்து ஒடெத் அம்மாளுக்குத் தலைக்கு ஊற்றியது சம்பந்தமாக

என் பெயர் பூங்கோதை. வயது அறுபத்தெட்டு. கணவர் சுப்பிரமணியன், காலமாகிவிட்டார். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன், தமிழ் எழுதப் படிக்கத் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. தற்போது ஆக்லாந்து, மனுரேவாவில் என் மகன் வெற்றியின் வீட்டில், மருமகள் ஸ்வர்ணா, பேத்தி கண்மணி ஆகியோருடன் வசித்து வருகிறேன். 1997ஆம் வருடம் மார்ச் மாதம் பாபகூரா காவல் நிலையத்தில் அதிகாரி முன்னிலையில் நான் சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் குணவதி தமிழில் எழுதிக்கொண்டது இது. பிரான்சு நாட்டு நீஸ் நகரத்தில் என் மகனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவனை விட்டுவிட வேண்டும் என்பதற்காக நானாகவே வந்து சொல்கிறேன். ஆரம்பிப்பதற்கு முன் குணவதி, "அம்மா, நீங்கள் கதைக்கிறது எல்லாம் அப்பிடியே எழுதப்படும். பிறகு இல்லையெண்டு சொல்ல ஏலாது. விளங்குதோ?" என்று கேட்டார். "எழுதும்மா, எங்க வம்சத்துல பொய் பேசுற பழக்கம் கிடையாது" என்றேன்.

என் மகன் கம்ப்யூட்டர் என்ஜினியர். நாங்கள் முதலில் ஆக்லாந்திலேயே வசதியானவர்கள் இருக்கும் எப்சமில் வாடகைக்கு இருந்தோம். பேத்தி அங்குள்ள பள்ளிக்கூடத்தில் படித்தாள், கணக்கில் வெள்ளைக்காரப் பிள்ளைகளைத் தாண்டி முதலாவதாக வந்தாள். 1993ஆம் வருடம் ஒரு பிரெஞ்சுத் தரகர் சிட்டியில் ஹோட்டலில் கூட்டம் போட்டு, நீஸ் நகரத்தில் கடற்கரை ஓரம் வெளிநாட்டுக்காரர்களும் வீடு வாங்கலாம் என்று சொன்னதாக மகன் வந்து சொன்னான். அந்த ஊரில் ஒரு வகையான கிரயம் உண்டாம். வீட்டுக்காரக் கிழவியோ கிழவனோ சாகும்வரை அந்த வீட்டிலேயே இருப்பார்கள். வாங்குகிறவர் முதலில் கொஞ்சம் கொடுத்துவிட்டு, அவர்கள் உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் படியளக்க வேண்டும். செத்த அன்று வீடு நமக்கு வந்துவிடும். அப்படி விலைக்கு வந்ததுதான் ஒடெத் அம்மாளின் வீடு. மாடி வீடு, ஜன்னலைத் திறந்தால் கடல்.

அதன் பிறகு மகன் அந்த அம்மாளின் போட்டோவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "அம்மா, இது எவ்வளவு நாள் தாங்கும்னு பாத்துச் சொல்லு" என்றான். எங்கள் ஊரில் யாராவது படுக்கையில் விழுந்தால் என்னைத்தான் கூப்பிட்டுக் காட்டுவார்கள். நான் பார்த்துச் சொன்னது தப்பியதில்லை. போட்டோவை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, "காது மடல் சுருண்டிருச்சு, மூக்குத் தண்டு சாஞ்சிருச்சு. அடுத்த ஆடி தாண்டாது" என்றேன். அதை நம்பித்தான் அவன் கையெழுத்துப் போட்டான்.

அதன் பிறகு ஆடி வந்தது, போனது. மறு வருடமும் அப்படியே. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த அம்மாள் எங்களுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவார். ஒரு வருடம் தான் கடலில் குளிக்கும் போட்டோவை உள்ளே வைத்து அனுப்பியிருந்தார். ஸ்வர்ணா அதை ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டி வைத்தாள். நான் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம், "அத்தை, நீங்க சொன்னது எந்த வருஷத்து ஆடி?" என்று கேட்பாள். மகனிடம், "அது நம்ம எல்லாரையும் புதைச்சிட்டுத்தாங்க போகும். அது குடிக்கிற ஒயினுக்கு நான் ஓவர்டைம் பாக்குறேன்" என்பாள்.

அதன் பிறகு படியளந்து கட்டுப்படியாகாமல் எப்சம் வீட்டை விட்டுவிட்டு மனுரேவாவுக்கு வந்தோம். பேத்தியை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அன்று நான் சாப்பிடவில்லை. பேத்தி மட்டும், "வாட்ஸ் ராங் வித் மனுரேவா, பாட்டி?" என்றாள். அந்தக் குழந்தைக்கு என்ன தெரியும். அன்றைக்கே மகனிடம், "என்னை ஒரு தடவை அங்க கூட்டிட்டுப் போடா. நான் பாத்துக்கிறேன்" என்றேன். என்ன பார்த்துக்கொள்வாய் என்று அவன் கேட்கவில்லை. டிக்கெட் எடுத்தான்.

அதன் பிறகு இந்த வருடம் பிப்ரவரி மாதம் நானும் மகனும் நீஸ் நகரம் போய்ச் சேர்ந்தோம். ஒடெத் அம்மாள் வாசலுக்கே வந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். நான் துடைத்துக்கொண்டேன். எண்பத்தேழு வயதில் காய்கறிக் கூடையோடு மாடிப்படி ஏறுகிறார். மகன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்க்கவில்லை. நாங்கள் ஹோட்டலுக்குப் போகக்கூடாது என்று சொல்லித் தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் சோபாவில் படுத்துக்கொண்டார். காலையில் காப்பி போட்டுக் கொடுத்தார். காப்பி நன்றாக இருந்தது.

அதன் பிறகு ஒருநாள் அவர் தனக்கு முழங்கால் வலி என்று கையால் காட்டினார். நான் எண்ணெய் தொட்டு நீவிவிட்டேன். அவருக்குச் சுகமாக இருந்திருக்கிறது, சிரித்துக்கொண்டே தலையைக் காட்டினார். நான் மகனிடம், "வெற்றி, அதுவே தலையக் காட்டுதுடா" என்றேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "போய் நல்லெண்ணெயும் இளநியும் கிடைக்குதான்னு பாரு" என்றேன். போனான்.

தலைக்கு ஊற்றுவது என்றால் என்ன என்று அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் போகமாட்டாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், விடியலில் தலை நிறைய எண்ணெய் வைத்து, குளிர்ந்த தண்ணீரில் குளிப்பாட்டி, இளநீர் கொடுப்போம். இரண்டொரு நாளில் காய்ச்சல் கண்டு நல்லபடியாகப் போய்ச் சேர்வார்கள். அது கொலை அல்ல, கடமை. பெற்ற பிள்ளைகள் கூட நின்றுதான் செய்வார்கள். என் மாமியாருக்கு நான்தான் ஊற்றினேன். ஒடெத் அம்மாள் படுக்கையில் கிடந்தாரா என்று அதிகாரி கேட்டார். இல்லை. அவர் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு மறுநாள் காலையில் மகன் வாங்கி வந்த எண்ணெயை அவனே சூடு பண்ணிக் கொடுத்தான். அந்த ஊரில் இளநீர் இல்லை, டப்பாவில் அடைத்த இளநீர் வாங்கி வந்திருந்தான். அவரைக் குளியல் தொட்டியில் முக்காலி போட்டு உட்கார வைத்தேன். எண்ணெய் வைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ஏதோ பாட்டு முணுமுணுத்தார். ஜன்னலைத் திறந்துவிட்டுப் பச்சைத் தண்ணீரை ஊற்றியதும் எழுந்திருக்கப் பார்த்தார். என் மகன் பின்னால் நின்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். பெற்ற தாயைப் பிடிப்பது மாதிரி பதமாகத்தான் பிடித்தான். அவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"என்னடா சொல்லுது?"

"குளிருதாம்மா."

"குளிரத்தான் செய்யும். நல்லாப் பிடிச்சுக்கோ."

அவன் அழுதான். ஆனால் கையை எடுக்கவில்லை. இதை நான் எதற்குச் சொல்கிறேன் என்றால், என் மகன் இங்கத்திய பிள்ளைகள் மாதிரி பெற்றவள் சொல்லைத் தட்டுகிறவன் அல்ல என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

அதன் பிறகு நான் அவருக்குத் தலை துவட்டாமல், இளநீரை மட்டும் கொடுத்துப் படுக்க வைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தார். மறுநாள் காய்ச்சல் வந்தது. முன்பே போட்ட டிக்கெட்டில் நான் ஆக்லாந்து திரும்பிவிட்டேன். சாவி வாங்குவதற்காக மகன் அங்கேயே தங்கினான். நான் வந்து சேர்ந்த பிறகு அந்த அம்மாள் இறந்துபோனதாகவும், கீழ்வீட்டுக்காரர்கள் சந்தேகப்பட்டுப் புகார் கொடுத்ததாகவும் ஸ்வர்ணா சொன்னாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

இதுவரை எழுதி முடித்த பிறகு அதிகாரி ஒன்று சொன்னார், அதைக் குணவதி எனக்குத் தமிழில் சொன்னார். என் மகன் அங்கே கொடுத்த வாக்குமூலத்தில், குளிப்பாட்டிய நேரம் தான் வெளியே போயிருந்ததாகவும், தனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் அம்மாதான் செய்தார் என்றும் சொல்லியிருக்கிறானாம். நான் தண்ணீர் கேட்டேன், கொடுத்தார்கள். பிறகு, "அவன் சொன்னதுதான் சரி. அவன் வெளிய போயிருந்தான். நான் மட்டும்தான் செஞ்சேன். தோளைப் பிடிச்சான்னு எழுதினதை அடிச்சிரும்மா" என்றேன்.

"அடிக்க ஏலாது அம்மா. நீங்கள் இப்ப சொன்னதைக் கீழே சேர்த்து எழுதலாம். மேலே இருக்கிறதும் இருக்கும்."

அப்படியென்றால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். போடாவிட்டால், நான்தான் செய்தேன் என்று சொன்னதும் பிரான்சுக்குப் போகாது என்றார். தோளைப் பிடித்த இடத்தை விட்டுவிட்டு மற்றதற்கு மட்டும் போடட்டுமா என்று கேட்டேன். பாதிக்குப் போட ஏலாது என்றார்.

எழுதியதை முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டினார்கள். இதில் கண்டது முழுவதும் நான் என் வாயால் சொன்னது, உண்மை என்று ஒப்புக்கொண்டு, கைநாட்டு வைக்காமல் என் பெயரை நானே எழுதிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) சு. பூங்கோதை