புனிதாவின் பேட்ஜ்

சுங்கை வேயிலிருந்து டெங்கிலில் இருக்கும் வேலையிடத்துக்குக் காலை ஆறரைக்கே கிளம்பிவிட்டால் சாலையில் ஜேம் இருக்காது. புனிதாவை நான்தான் தினமும் காரில் ஏற்றிக்கொண்டு போவேன். ஒரு நாள்கூட அவளைக் காக்கவைத்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆய்வுக்கூடம் தனியாருடையது, செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. அணு உலைகளில் பயன்படும் உலோகங்களின் மீது நியூட்ரான்களைப் பாய்ச்சி, எத்தனை ஊடுருவிப் போகின்றன, எத்தனை உள்ளேயே தங்கிவிடுகின்றன என்று அளப்போம். மொத்தம் பதினொரு உலோகங்கள். உலோகத் தகடு மாற்றும்போது இயந்திரத்தை நிறுத்த மாட்டோம்; நிறுத்தினால் மறுபடி சீராக ஓட ஒரு நாள் பிடிக்கும். கதிர் வரும் வழியில் உள்ள தடுப்புக் கதவை மட்டும் மூடுவோம். உள்ளே போய்த் தகட்டை மாற்றுவது புனிதா. வெளியே எண்களைப் பார்ப்பது நான். பாதுகாப்புப் பொறுப்பும் என்னுடையதுதான்.

பிப்ரவரியில் அவளுடைய பேட்ஜின் அளவு வந்தது. உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று காட்ட, சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன வில்லை அது. ஒரு வருஷத்துக்கு அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு ஒரே மாதத்தில் பட்டிருந்தது. கதவு சரியாக மூடவில்லை என்று உடனே புரிந்தது. சொன்னால் வேலை நின்றுவிடும். புதுக் கதவு வர எட்டு மாதம் ஆகும். ஏழு உலோகங்கள் முடிந்து, இன்னும் நான்குதான் பாக்கி. என் இடத்தில் யார் இருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்?

பேட்ஜ் தவறிப்போய், கதிர் ஏறிய தகடுகளை வைக்கும் பெட்டிக்குள் கிடந்துவிட்டது, அதனால்தான் அந்த அளவு என்று, அளந்து தருகிறவர்களுக்கு எழுதி அனுப்பினேன். அதன் பிறகு அவளுடைய பேட்ஜை என் மேசை இழுப்பறையிலேயே வைத்து, மாதாமாதம் அளக்க அனுப்பினேன். அவளுக்குக் காலாவதியான ஒன்றைக் கொடுத்தேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவள் அதை அவ்வளவு நம்பினாள். ஒரு காலை பூச்சோங் தாண்டியதும் பதறிப்போனாள்.

"அண்ணே, நேத்து லேப் கோட்டைத் துவைக்க எடுத்துட்டுப் போனேன்லா. பேட்ஜ் வீட்டு மேசையிலயே கிடக்கு. திரும்பிப் போலாமா? அது இல்லாம உள்ள போக பயமா இருக்கு."

திரும்பினோம். முக்கால் மணி நேரம் வீண். நான் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதைக் குத்திக்கொண்டு அவள் நிம்மதியாக வந்து உட்கார்ந்தபோது சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அன்றைக்கு மூன்று தகடுகள் மாற்ற வேண்டியிருந்தது.

ஜூனில் அவளுக்கு ஈறில் ரத்தம் கசிந்தது, காய்ச்சல் விடவில்லை. கிள்ளானில் அவள் அக்கா வீட்டருகே மருத்துவமனையில் சேர்த்தார்கள். டெங்கி என்று பார்த்தார்கள், பிறகு வேறு என்னென்னவோ பார்த்தார்கள். கதிர்வீச்சு பட்டிருக்குமா என்று டாக்டர் இரண்டு முறை எனக்குப் போன் செய்து கேட்டார். பேட்ஜ் அறிக்கையை அனுப்பிவைத்தேன். அதில் ஒன்றும் இல்லை.

நான் பார்க்கப் போனபோது புனிதா கேட்டாள்: "பேட்ஜ்ல ஒண்ணும் காட்டலையாம். அப்ப அது இல்லைதானே அண்ணே?"

"இல்லம்மா" என்றேன். அவள் முகம் தெளிந்தது. அந்த நிலையில் என்னால் கொடுக்க முடிந்த ஆறுதல் அது ஒன்றுதான். ஒன்பதாம் நாள் இறந்துபோனாள்.

அவளுடைய பேட்ஜ் இன்னும் என் இழுப்பறையில்தான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். பதினொரு உலோகங்களும் முடிந்துவிட்டன. அந்த எண்களில் ஒரு பொய்யும் இல்லை. சந்தேகம் இருந்தால் நீங்களே ஆள் வைத்து அளந்து பாருங்கள். கதவை மட்டும் முதலில் சரிசெய்துவிடுங்கள். அங்கே ஆள் நிற்கக் கூடாது.