கோடி வாங்காதவர்

நெருங்கி உட்காருங்கள்... நம்ம ஸுப்ரியாவின் நாத்தனார் தன்யாவுக்கு நடந்தது இது.

மழைக்கால மத்தியானம், இரண்டு மணி. கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு குடோன்களுக்குப் பின்னால் போகும் சந்து. ஆள் நடமாட்டமே இல்லை. தன்யா குடை பிடித்தபடி தன் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கணவன் வெங்கிடேஷின் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு. மராமத்து முடிந்து, திங்கட்கிழமை பால் காய்ச்சிக் குடியேற வேண்டும். வயிற்றில் ஆறு மாதம். வாடகை வீட்டில் பிள்ளை பெற அவளுக்கு மனசில்லை.

வீட்டைக் கட்டியவர்களின் பெயரை வாசலில் எழுதி மாட்ட ஆசைப்பட்டு, சமூக மடத்துப் பழைய காகிதங்களைத் தேடியிருந்தாள். வேலை செய்த ஒவ்வொருவருக்கும் கோடி வேட்டி, அதாவது புது வேட்டி, கொடுத்து வெளியே அனுப்பிய பிறகுதான் வீட்டுக்காரர் குடிவருவது வழக்கம்; வாங்காதவனுக்கு வேலை முடியாது, வீட்டை விட்டுப் போகமாட்டான் என்பார்கள். வீடு கட்டியபோது எழுதிய பட்டியலில் பன்னிரண்டு பெயர். வேட்டி வாங்கியதற்குப் பதினோரு கைநாட்டு. சுண்ணாம்பு பூசிய முத்துவேலுக்கு நேரே... வெறும் தாள். அறுபத்திரண்டாம் வருஷ மராமத்துப் பட்டியலிலும் முத்துவேல். அங்கேயும் வெறும் தாள்.

தன்யா பேயைச் சந்தேகப்படவில்லை. மேஸ்திரி மாரிச்செல்வத்தைச் சந்தேகப்பட்டாள். மூன்று நாளாக மாடிச் சுவர் காலையில் ஈரமாக இருந்தது. கடுக்காயும் வெல்லமும் கலந்த சுண்ணாம்பு வாசம். இவர்கள் பூசியதோ சிமெண்ட்.

மாரிச்செல்வம் ஆட்களோடு வெளியே வந்து கதவைப் பூட்டினான். மேலே... சர்ர்... சர்ர்... கொத்தனார் கரணையால் சுவரைத் தேய்க்கும் சத்தம்.

“உள்ள யாரையோ ஒளிச்சு வெச்சிருக்கேள், சேட்டா.”

“என் ஆளுங்க நாலு பேரும் இங்க நனையுறாங்க, சேச்சி. அஞ்சாவதா ஒருத்தன் இருந்தா எனக்கும் காட்டுங்க. இன்னும் ரெண்டு வேலை கிடக்கு.”

எண்ணினாள். நாலு.

அவர்கள் போனதும், திங்கட்கிழமைக்கு வாங்கி வைத்த வேட்டிகளில் ஒன்றைப் படியில் வைத்தாள்.

“முத்துவேலு... வேலை முடிஞ்சாச்சு. வாங்கிண்டு போங்கோ.”

சத்தம் நின்றது. குடையை மடக்கி நிமிர்வதற்குள் வேட்டியைக் காணோம். படியிலிருந்து சந்துக்கு வெள்ளைக் காலடிகள்... மழையில் கரைந்துகொண்டே போயின.

திங்கட்கிழமை மாரிச்செல்வமும் அவன் ஆட்கள் நாலு பேரும் வேட்டி வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். பால் பொங்கியது. வெங்கிடேஷைக் காணோம்.

“சாரைத் தேடறீங்களா? மாடியில இருப்பாரு.” வாசலில் நின்ற மாரிச்செல்வம் சிரித்தான். “நேத்து கரணையைப் பிடுங்கி ஒரு சுவர் முழுக்க அவரே பூசிட்டாரு. நல்ல கை. பேசாம எங்ககூட வந்துடலாம்.”

வேலை செய்த ஒருவன் கோடி வாங்காமல் உள்ளே இருக்கிறான். தன்யா மிச்சமிருந்த வேட்டியை எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

வெங்கிடேஷ் சுவரைப் பார்த்து நின்றான். முழங்கை வரை வெள்ளை.

“வெங்கி, இதை வாங்கிக்கோ.”

“இன்னும் முடியல்லை,” என்றான், திரும்பாமலே.

சர்ர்... சர்ர்...

அவன் கையில் கரணை இல்லை.