மேல் மாடி மந்திரம்

— அப்ப என்ர மகன் ஆரைக் கட்டினவன் எண்டு நீரே சொல்லும், தம்பி ஜீவராஜ்.

— இந்தா நிக்கிறாங்களே, மேடம் துஷ்யந்தி, இவங்களத் தாங்க ஐயா கட்டுனாரு. ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். மேடையில ஏறக் கூடாதுன்னு நீங்க சொன்னதால கீழ நின்னுக்கிட்டுப் பாத்தேன்.

— கண்ணை விடும். காதைச் சொல்லும். தாலி ஏறுற நேரம் உம்மட ஸ்பீக்கரில என்ன பேர் வந்தது?

— திலக்ஷன், நிஷாந்தினி.

— என்ர மகன் கஜரூபன். விளங்குதோ? லண்டனிலயும் டொரண்டோவிலயும் இருந்து நேரலையில பாத்த சனம் முழுக்க இப்ப என்னட்டைக் கேக்குது, நாகேந்திரம், உன்ர மருமகள் திலக்ஷன் எண்ட பொடியனுக்கோ வாழ்க்கைப்பட்டவள் எண்டு. கோயில் ட்ரஸ்டி வீட்டுக் கலியாணம். பத்து நாளா போனைத் தூக்கப் பயமா இருக்கு.

— லண்டன் பெரியப்பா என்னோடயும் கதைச்சவர் மாமா. திலக்ஷன் சுகமா இருக்கிறாரோ எண்டு கேட்டவர். இருப்பார் எண்டு சொன்னனான்.

— உமக்கு எல்லாம் பகிடி, பிள்ளை. தம்பி, நான் சுருக்கமாச் சொல்லுறன். வெள்ளவத்தையில இருந்து இந்த வெய்யிலுக்குள்ள கொட்டாஞ்சேனைக்கு வந்தது உம்மட கடையைப் பாக்க இல்லை. ஒரு கடிதம் எழுதித் தாரும். உம்மட மைக்கின்ர பிழையால மேல் மாடிக் கலியாணத்தின்ர மந்திரம் எங்கட மண்டபத்துக்குள்ள வந்திட்டுது, ஆனபடியால் அண்டைக்கு நடந்த சடங்கு செல்லாது எண்டு. கையெழுத்தும் கடை முத்திரையும் வேணும். வாற வெள்ளிக்கிழமை கோயிலில திருப்பித் தாலி கட்டுறம். கேக்கிற சனத்துக்குக் கடிதத்தைக் காட்டினாச் சரி.

— ஐயா, ஜிந்துப்பிட்டிப் பக்கம் எந்த விசேஷம்னாலும் எங்க சவுண்டு தான். ஜீவராஜ் மைக்கால ஒரு கல்யாணமே செல்லாமப் போச்சுன்னு நானே எழுதிக் குடுத்தா, அப்புறம் சாவு வீட்டுக்குக் கூட ஒருத்தன் என்னக் கூப்புட மாட்டான்.

— அப்ப பிழை ஆரில?

— நல்ல நேரத்து மேலங்க.

— என்ன கதை கதைக்கிறீர்?

— பத்து நாப்பதுல இருந்து பதினொன்னு இருவது வரைக்கும் முகூர்த்தம். ஒங்களுக்கும் அதே. மேல பஸீர் பாய் சவுண்டு குடுத்த கல்யாணத்துக்கும் அதே. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கல்யாண ஹோல்லயும் அதே. எல்லாருக்கிட்டயும் புறக்கோட்டையில வாங்குன ஒரே சீனா மைக்கு, ஒரே அலைவரிசை. மத்த நாள்ல நானும் பாயும் பேசி வச்சுக்குவோம், நீங்க முன்னுக்கு, நான் பின்னுக்குன்னு. முகூர்த்தத்துல வரிசையில நிக்க முடியுங்களா? ஹோல் மெனேஜர்ட்ட போய்ச் சொன்னேன். ‘மல்லி, பொட்டக் அட்ஜஸ்ட் கரன்ன’, தம்பி கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கன்னு சிங்களத்துல சொல்லிட்டு கட்லட் திங்கப் போயிட்டான்.

— சரி, ரெண்டு மைக்கும் ஒண்டு தான். பிறகேன் அவன்ர மைக் வெண்டது, உம்மட மைக் தோத்தது?

— பேட்டரிங்க ஐயா. பலமா வர்றவனத் தான் ரிசீவர் எடுக்கும். நம்ம ஐயர் சாமி இடுப்புல இருந்த மைக்குப் பெட்டியில பேட்டரி எறங்கிருச்சு, செவப்பு லைட்டு எரியுது. மாத்தலாம்னு ஓடுனேன். பூசையில இருக்கேன், தொடாதன்னாரு சாமி. நீங்க குறுக்க வந்து, இறங்கு இறங்குன்னீங்க.

— அது ஆசாரம்.

— ஆமாங்க. ஆசாரத்தக் காப்பாத்திட்டோம். மந்திரம் தான் போயிருச்சு.

— உமக்கு வாய் கூட.

— மைக்குக் குடுக்கிற தொழில்ங்க. அது மட்டுமில்ல, மேல் மாடியிலயும் நம்மளுது கேட்டுச்சாம். சடங்கு தொடங்க முன்ன நீங்க ஒரு வரவேற்புரை குடுத்தீங்களே, அது அங்க முழுசா கேட்டுச்சுன்னு பஸீர் பாய் சொன்னாரு. பொண்ணோட அப்பா, இது யாரு, எப்ப முடிப்பாருன்னு மூணு தடவ கேட்டாராம்.

— என்ர உரை பன்னிரண்டு நிமிசம் தான்.

— இருபத்தாறு, மாமா. எனக்கு முழங்கால் விறைச்சுப் போச்சு. அதை விடுங்கோ, ஒண்டு கேக்கட்டோ. வெள்ளிக்கிழமை திருப்பிக் கட்டேக்குள்ள கலியாணப் பதிவு எழுத்தையும் வைச்சா என்ன? றெஜிஸ்ட்ராரை வரச் சொன்னா ஒரேயடியா முடிஞ்சிடும்.

— எழுத்து ஆறுதலா வைக்கலாம். அதுக்கென்ன அவசரம்?

— கலியாணத்துக்கு முதல் கேட்டனாங்கள், நாள் சரியில்லை எண்டியள். கலியாணத்தண்டு கேட்டனாங்கள், சனம் கூட எண்டியள். இப்ப பாருங்கோ, எழுத்தும் இல்லை, மந்திரமும் ஆரோ ரெண்டு பேருக்குச் சொன்னது. பத்து நாளா உங்கட ஃபிளட்டில தேத்தண்ணி போட்டுத் தந்து கொண்டு இருக்கிற நான் ஆர், மாமா?

— மருமகள்.

— எந்தக் கணக்கில?

— நான் சொல்லுறன், அந்தக் கணக்கில. கடிதத்துக்கு வாரும் தம்பி.

— கடிதம் இல்லாமலே அலுவல் முடியும் மாமா. உங்களுக்குத் தேவை என்ன? மேல் மாடி ஐயரின்ர குரல் இல்லாமல் எங்கட ஐயரின்ர மந்திரம் தனிய வேணும். அதைத் தானே லண்டனுக்குப் போட்டுக் காட்ட வேணும்?

— அது இனி எங்க கிடைக்கும்?

— மணவறைக்குப் பின்னால நாலு கம்பி நிண்டது, கண்டனீங்களோ?

— கண்டனான். சோடினைக்காரன் விட்டிட்டுப் போனது. உம்மட மாமி அதில ஒண்டில மாலையையும் தொங்கவிட்டவ.

— அது என்ர அன்ரெனா. மாலை போட்டதில சிக்னல் கொஞ்சம் குறைஞ்சு தான் கிடக்கு, சமாளிக்கலாம்.

— கலியாண மேடையில அன்ரெனாவோ?

— மாஸ்டர்ஸுக்கு அது தானே மாமா என்ர ஆராய்ச்சி. கனக்க அன்ரெனா பூட்டின ரிசீவரில, வேண்டாத சிக்னல் வந்து குழப்பிறதை எப்பிடிக் குறைக்கிறதெண்டு. லாபில எங்கட ப்ரொபஸர் ரெண்டு மூண்டு பெட்டியை வைச்சு மினக்கெட்டுக் குழப்பம் உண்டாக்குவார். வெள்ளவத்தையில அந்த மினக்கேடே இல்லை. நல்ல நேரம் எண்டு ஒண்டைக் குறிச்சு, எல்லாரும் ஒரே நிமிசத்தில மைக்கைப் போடுறியள். இதை விட நல்ல இடம் எனக்கு உலகத்தில கிடைக்காது.

— இவ கலியாணப் பொம்பிளையா வந்தவவோ, ஆராய்ச்சிக்கு வந்தவவோ?

— ரெண்டுக்கும் ஒரே கூறைச் சேலை தான் மாமா.

— மேடம், நான் ஒன்னு கேக்கலாங்களா? ரெண்டு சாமியும் ஒன்னா கலந்து வந்துட்டாங்க. அதுல ஒருத்தர மட்டும் எப்புடிப் பிரிக்கிறது? சோத்துல ஊத்துன கொழம்பப் பிரிக்கிற மாதிரில்ல இருக்கு.

— ஒரு அன்ரெனா எண்டா ஏலாது தான் அண்ணா. நாலு இருந்தா ஏலும். மேல் மாடி மைக் ஒரு திசையால வருது, எங்கட மைக் இன்னொரு திசையால. அதால ஒவ்வொரு கம்பியிலயும் கொஞ்சம் முந்திப் பிந்தி, கொஞ்சம் கூடக் குறைய விழும். எங்கட ஐயர் மைக்கைப் போட முதல், மேல் மாடி ஐயர் மட்டும் சொல்லிக் கொண்டிருந்த அஞ்சு நிமிசம் என்னட்ட இருக்கு. அந்த அஞ்சு நிமிசத்தில அவர் நாலு கம்பியிலயும் எப்பிடி விழுகிறார் எண்டு படிச்சு வைச்சனான். பிறகு ஒண்டுக்குள்ள இருந்து மற்றதைக் கழிச்சுக் கழிச்சு அவரை மட்டும் இல்லாமல் ஆக்கலாம்.

— அப்ப வேண்டாதவனத் தான் மொதல்ல நல்லாப் படிக்கணும்ங்கிறீங்க.

— ஓம். வேண்டினவரைக் கூட அவ்வளவு படிக்கத் தேவையில்லை.

— அடேயப்பா. பேட்டரிய மாத்த விட்டிருந்தா இம்புட்டுப் படிப்பும் தேவப்பட்டிருக்காதுங்க.

— தம்பி, நீர் கொஞ்சம் பேசாமல் இரும். பிள்ளை, அந்தச் சத்தம் இப்ப இருக்கோ?

— இந்த லாப்டொப்பில இருக்கு. நேரலை எடுத்தது வேற, இது வேற. இதில ஒண்டும் துலையேல்லை.

— இதை முதலே சொல்லியிருக்கலாமே. பத்து நாளா நான் நித்திரை இல்லாமல் கிடக்கிறன். எங்கட ஐயரின்ர மந்திரம் தனிய வந்தா, இண்டைக்கே எல்லாருக்கும் அனுப்பிறன். கடிதமும் வேண்டாம், வெள்ளிக்கிழமையும் வேண்டாம். அண்டைக்குக் கட்டினது கட்டினது தான்.

— அப்ப எழுத்து?

— அதை ஆறுதலாப் பாப்பம் எண்டனே. சாத்திரப்படி முடிஞ்சா முடிஞ்சது. எழுத்தென்ன, ஒரு கடதாசி.

— கடதாசி தானே, வைச்சிடலாமே மாமா.

— உமக்கு இந்தப் பிடிவாதம் கூடாது. நாங்கள் ஒரு சொல்லுச் சொன்னா அது எழுத்தை விடப் பெரிசு. போடும் இப்ப.

— போட முதல் ஒண்டு சொல்லிப் போடுறன். மேல் மாடியைக் கழிச்சா, கீழ இருந்தது முழுக்க வெளிய வரும். மைக் ஐயரின்ர நெஞ்சில குத்தினது. அவருக்குப் பக்கத்தில குனிஞ்சு இருந்த ஆக்களின்ர கதையும் அதில விழும்.

— விழட்டும். எங்கட பக்கத்தில ஒளிக்க என்ன கிடக்கு?

— ஐயா, என்னோட பெரிய பொக்ஸ்ல போடட்டுங்களா? லாப்டொப்ல சன்னமாத் தான் கேக்கும்.

— போடும், போடும். நல்லாச் சத்தமாப் போடும். றோட்டால போறவனும் கேக்கட்டும்.

— சரி மாமா. இது ஒரு அன்ரெனா மட்டும்.

— இவன் தான். இந்தக் குரல் தான். திலக்ஷனாம், நிஷாந்தினியாம்.

— இது ரெண்டு அன்ரெனா.

— மேல் மாடி சாமி தூரத்துக்குப் போயிட்டாருங்க. பக்கத்து ரோட்டுல நின்னு சொல்ற மாதிரி இருக்கு.

— இது நாலு.

— ஆளையே காணோம். மேடம், பஸீர் பாய்ட்ட சொல்லிறாதீங்க, அவருக்கு மனசு ஒடிஞ்சிரும்.

— எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. எங்கட ஐயர் எங்க?

— கேக்குதுங்க ஐயா, நல்லாக் கேளுங்க. மேளச் சத்தம் தூரத்துல வருது. கிட்டத்துல யாரோ உறிஞ்சுறாங்க. ஓ, நம்ம சாமிங்க. சோடா கேட்டாரு, வாங்கிக் குடுத்தேன். ஸ்ட்ரோ போட்டுக் குடிக்கிறாரு.

— மந்திரம்?

— சொல்லேல்லை மாமா. எங்கட ஐயருக்கு அண்டைக்கு அது மூண்டாவது கலியாணம். ஸ்பீக்கரில அதே மந்திரம், அவரை விட நல்ல குரலில போய்க் கொண்டிருக்கு. பேர் வாற இடத்தை அவர் கவனிக்கேல்லை. வாயை மட்டும் அசைச்சுக் கொண்டு சோடாவைக் குடிச்சிட்டார்.

— வெட்கக்கேடு. தட்சணையும் வாங்கிப் போட்டு. சரி, நிப்பாட்டும். இதை ஒருத்தருக்கும் அனுப்பத் தேவையில்லை.

— இன்னும் கொஞ்சம் இருக்கு மாமா. தாலி இன்னும் ஏறேல்லை.

— ‘அப்பா, சரிவராட்டி இதை விடலாம் தானே?’

— இது மாப்பிள்ளை கொரலுங்களே.

— ‘ஒரு வருசம் பாரடா. அதுக்குத் தானே எழுத்தை வைக்க விடாமல் இழுத்துக் கொண்டு நிக்கிறன். எழுத்தில்லாட்டி கோடு கச்சேரியும் இல்லை, வழக்கும் இல்லை. இப்ப கட்டு.’

— இது... ஐயா, இது நீங்க.

— ‘அப்ப சரி.’

— நிப்பாட்டு எண்டெல்லோ சொன்னனான்.

— நிண்டிட்டுது மாமா. அவ்வளவு தான் இருக்கு. அப்ப சரி எண்டு சொல்லிப் போட்டுத் தான் அவர் கட்டினவர்.

— அவன் பகிடிக்குக் கேட்டவன்.

— பகிடி எண்டா நீங்கள் சிரிச்சிருக்க வேணும். நீங்கள் பதில் சொல்லியிருக்கிறியள்.

— உனக்கு இது எப்ப தெரியும்?

— கலியாணத்துக்கு அடுத்த நாள் பின்னேரம்.

— அடுத்த நாளோ? ஒன்பது நாளா வாயைத் திறக்காமல் எங்கட சோத்தைத் திண்டு கொண்டு இருந்தனீ?

— சமைச்சதும் நான் தான் மாமா. உங்கட மகனிட்ட நான் ஒரு நாளும் சண்டை பிடிக்கேல்லை. எழுத்து எப்ப வைப்பம் எண்டு மட்டும் ஒவ்வொரு நாளும் கேட்டனான். தானாச் சொல்லுவார், ஒரு பயத்தில கேட்டிட்டன், மன்னிச்சுக்கொள் எண்டாவது சொல்லுவார் எண்டு பாத்தன். எனக்கு அவரில விருப்பம், அதால பாத்தன். அப்பாவைக் கேள் எண்டார். ஒன்பது நாளும் அதையே சொன்னார். பாத்றூமுக்குள்ள தண்ணியைத் திறந்து விட்டிட்டு அழுதனான். இண்டைக்கு உங்களையும் கேட்டுப் பாப்பம் எண்டு வந்தனான். மூண்டு தரம் கேட்டிட்டன்.

— இஞ்ச பாரும் பிள்ளை, இப்ப ஒண்டும் கெட்டுப் போகேல்லை. நாளைக்கே எழுத்தை வைப்பம். றெஜிஸ்ட்ராரை நானே காரில கூட்டிக் கொண்டு வாறன். தம்பி, அதை அழிச்சு விடும். கடிதத்தையும் விடும். ஒரு பிழையும் நடக்கேல்லை, விளங்குதோ? எல்லாம் முறைப்படி நடந்தது.

— இல்லை மாமா. எனக்குக் கடிதம் வேணும். ஜீவராஜ் அண்ணா, மைக்கில பிழை இல்லை எண்டு முதல் வரியில போடுங்கோ. அண்டைக்கு நடந்த சடங்கு செல்லாது எண்டது அடுத்த வரி, அது மாமா சொன்னபடியே இருக்கட்டும்.

— யாரு பேருக்குங்க எழுதறது?

— செல்வி துஷ்யந்தி எண்டு எழுதுங்கோ.