விலாசத்தில் ஆளில்லை

கோதுமை மாப் பசையைக் கட்டிபடாமல் காய்ச்ச, என் அக்கா சிவக்கொழுந்தை விட்டால் புளியங்கூடலில் ஆளில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. அவரைக் காணவில்லை என்று நீங்கள் விசாரிப்பதால் முழுவதையும் ஒழுங்காகச் சொல்கிறேன்.

அப்பா எங்கள் இருவருக்கும் எட்டுப் பரப்புக் காணி விட்டுப்போனார். அக்கா இருபது வருடம் கனடாவில். வேலியடைத்துக் காத்தது நான். தேங்காய்களைத் தின்றதும் நான்தான், அதையும் மறைக்கவில்லை. அத்தான் செத்த பிறகு அக்கா திரும்பி வந்து அந்தக் காணியிலேயே இருக்கும் என் வீட்டுப் பின்னறையில் இருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. ஆனாலும் கைப்பழக்கத்தில் சமையல் முழுக்க அவர்தான். தன் பங்கில் சின்னதாய் ஒரு வீடு கட்டிச் சாகவேண்டும் என்பார். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரியும்.

ஆகவே முழுக் காணியும் எனக்கே என்று வழக்குப் போட்டேன். பிரதிவாதி அக்கா; விலாசம் என்று அவரின் பழைய ரொறன்ரோ வீட்டைக் கொடுத்தேன். அழைப்பாணை அங்கே போய், ‘விலாசத்தில் ஆளில்லை’ என்று திரும்பி வந்தது. அதில் பொய் ஏது? ஆள் என் குசினியில் அடுப்படியில் அல்லவா நின்றார். அவர் இருக்கும் இடம் தெரியாது என்று சத்தியம் செய்து நீதிமன்றத்துக்குச் சத்தியக்கடதாசி முடித்தேன். அப்படியென்றால் வழக்கு அறிவித்தலைக் காணி வாசல் படலையில் ஒட்டச்சொல்லிக் கட்டளை வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஏலாது என்பார்கள். இங்கே சோற்றைச் சமைத்ததே பூசணிக்காய்தான்.

ஒட்ட வந்த நீதிமன்ற உத்தியோகத்தர் ஜெகதீஸ் பசையை மறந்துவிட்டார். அக்கா காய்ச்சிக் கொடுத்தார், தேத்தண்ணியும் கொடுத்தார். ஆள் யார் என்று ஜெகதீஸ் கேட்டார்.

“சமையலுக்கு நிக்கிற மனிசி,” என்றேன்.

அக்கா பகிடியென்று சிரித்தார். படலையில் என்ன ஒட்டுகிறார்கள் என்று பிறகு கேட்டார். டெங்கு அறிவித்தல் என்றேன். வாசித்துச் சொல்ல அயலில் எவருமில்லை. சுற்றிவர எல்லா வீடும் பூட்டு, சொந்தக்காரர் வெளிநாட்டில்.

கண் சத்திரசிகிச்சைக்கு இரண்டு தடவை திகதி கிடைத்தது. இரண்டு தடவையும் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, அக்காவுக்குக் காய்ச்சல் என்று தள்ளிவைத்தேன். தீர்ப்பு எனக்குச் சார்பாக வந்த மறுவாரமே நானே கூட்டிப்போய்ச் செய்வித்தேன். கூடப்பிறந்தவன் வேறெதற்கு?

கட்டு அவிழ்த்த அன்று அக்கா படலையடியில் நின்று அந்தக் கடதாசியை வாசித்தார். ஒன்பது மாதமாகியும் ஒரு மூலை எழும்பவில்லை, அப்படிப் பசை.

“நான் எங்க இருக்கிறனெண்டு உனக்குத் தெரியாதோ, தம்பி?”

அவ்வளவுதான் கேட்டார். ஒரு பையோடு நடந்தார். பஸ்ஸில் ஏறினாரா, நயினாதீவுப் படகில் ஏறினாரா, நான் எட்டிப் பார்க்கவில்லை.

இன்றைக்குப் பத்து நாள். அவர் எங்கே என்று எனக்கு உண்மையாகவே தெரியாது. சத்தியக்கடதாசியில் ஒரு சொல்லும் பொய்யில்லை, ஐயா. கொஞ்சம் முந்தி எழுதிவிட்டேன், அதுதான் பிழை.