நார்வேக்காரர் பார்க்கும் கேட்

திருவொற்றியூர் ரயில்வே கேட் வழக்கம்போல மூடியிருந்தது. ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். கண்ணாடி போட்டவள் எம்.இ. படிக்கிறாள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"பூனை பியானோ வாசிக்கிற வீடியோ அனுப்ச்சேனே, பாத்தியா?" என்றாள் தோழி.

"பாத்தேன், பாத்தேன். அத்த வுடு. நார்வேல ஒர்த்தரு டெய்லி இந்த கேட்டையே பாத்துகினு கீறாரு, தெரியுமா?"

"எந்த கேட்ட?"

"இதாண்டி. அத்தை வூட்டு மொட்டமாடில கேமரா வச்சிகீறேன். கேட்டு தொறந்துகீதா, மூடிகீதான்னு நெட்ல பாக்கலாம். நானே பண்ண சைட்டு."

"நம்ம ஏரியாவுல யார்னா பாக்கறாங்களா?"

"பாக்கணும்னா பிரவுசிங் சென்டருக்குப் போவணும். அதுக்கே இந்த கேட்டத் தாண்டணும். அவரு ஒர்த்தருதான் பாக்கறாரு. ரொம்ப நேரம் மூடிகினு இருந்தா, 'அங்க எல்லாரும் நல்லாகீறீங்களா'ன்னு மெயில் போடுவாரு."

"பாவம், நல்ல மன்சன்."

"போன வாரம், கேட்டு ஏன் நீலமா கீதுன்னு கேட்டாரு. ஓடிப்போய் பாத்தா, கேமரா மேல அத்தை பாவாடைய காயப் போட்டுகீது."

"ஐயோ! புரொபசருக்கு காட்டப்போறேன்னியே?"

"அன்னிக்கிதாண்டி காட்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"கலரு நல்லா வருதுன்னாரு."

ஆட்டோ டிரைவருக்கே சிரிப்பு தாங்கவில்லை.

"தோ, அந்த மஞ்ச வூடுதான்" என்று கண்ணாடிக்காரி கை காட்டினாள். தோழி மாடியைப் பார்த்துக் கையாட்டினாள். டிரைவர் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

நான் பையிலிருந்து சீப்பை எடுத்து, வகிடு எடுத்துத் தலை வாரிக்கொண்டேன்.