ஆறு ஆணிகளும் ஓர் அடைப்புக்குறியும்

காலையிலிருந்து கால் ஓயாமல் நடந்து, பந்தலுக்குப் பந்தக்கால் முதல் பாய்விரிப்பு வரை பார்த்துப் பார்த்துச் செய்த குடியிருப்போர் சங்கத் தலைவர், பெருமதிப்பிற்குரிய இருதயராஜ் மாமா அவர்களே. என்னோடு ஏழாம் வகுப்பு வரை ஒரே வகுப்பில் படித்துவிட்டு, இன்று என்னை ‘மேடம்’ என்று அழைத்து அழகு பார்க்கும் செயலாளர் தமிழரசு அவர்களே. முழங்கால் வலியை மறந்து முன்வரிசையில் முகமலர்ந்து வீற்றிருக்கும் மூத்தோர்களே. பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்த ஈரக்கை காயுமுன் ஓடிவந்திருக்கும் தாய்மார்களே. இன்னும் ஐந்து நிமிடத்தில் கைப்பேசியைக் கீழே வைக்கப்போகும் இளைஞர்களே, இளம்பெண்களே. காணும் பொங்கல் மாலையில் உங்களையெல்லாம் கண்ணாரக் காண வந்திருக்கும் ரேணுகாவின் வணக்கத்தை உங்கள் ஒவ்வொருவர் வாசலிலும் வைக்கிறேன்.

உங்கள் கையில் இருக்கும் நோட்டீசைக் கொஞ்சம் பாருங்கள். தலைவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஊர் போட்டிருக்கிறது. பரிசு வழங்குபவருக்கும் ஊர் இருக்கிறது. பட்டிமன்ற நடுவருக்கும் இருக்கிறது. கடைசியில், ‘சிறப்புரை: ஆசிரியை ரேணுகா’ என்று போட்டு, பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி இருக்கிறதா? அதற்குள் என்ன இருக்கிறது?

ஒன்றுமில்லை.

அச்சகத்துக்காரர் மீது பழி போடாதீர்கள். தவறு என்னுடையது. இருபது நாளைக்கு முன் தமிழரசு ஓசூருக்குப் போன் செய்தார். “மேடம், நோட்டீஸ் அடிக்கக் குடுக்கப் போய்கினு கீறேன். எல்லாருக்கும் பேருக்குப் பக்கத்துல ஊரு போட்டாச்சு. உனுக்கு இன்னா ஊரு போடறது?” என்றார். மேடம் என்று தொடங்கி உனுக்கு என்று முடித்தார் பாருங்கள், அதுதான் தமிழரசு. “வந்து சொல்றேன்” என்றேன். “நீ வர்றதுக்குள்ள விழாவே முடிஞ்சிடும்மே. இடம் உட்டு வைக்கிறேன், வந்து சொல்லு” என்றார். இடம் விட்டார். நான் வந்துவிட்டேன். பதில் சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

ஊர் என்றால் எது? உங்களைக் கேட்கிறேன். பிறந்த இடமா? அப்படியானால் நான் ஓர் அரசு மருத்துவமனையின் மூன்றாம் மாடிக்காரி. அப்பாவின் ஊரா, அம்மாவின் ஊரா? ஆதார் அட்டையில் இருப்பதா? அடக்கம் செய்யும் இடமா? தமிழ் சொல்லித்தரும் வாத்தியாரம்மா நான், இந்த இரண்டெழுத்துச் சொல்லுக்குப் பொருள் தெரியாமல் நாற்பது வயது வரை நடந்திருக்கிறேன்.

என் அப்பா கஜபதி. இதோ, மூன்றாவது வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன்னைப் பற்றிப் பேசுவதே காதில் விழாதவர்போல் பந்தலைப் பார்க்கிறாரே, அவர்தான். பள்ளிப்பட்டுப் பக்கம். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். இங்கே பாதுகாப்புத் தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். என் அம்மா சகாயமேரி. தூத்துக்குடிக் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். தொழிற்சாலை மருத்துவமனையில் செவிலியர். இவர் கையில் கட்டுப்போட வந்தார், அவர் கட்டுப்போட்டார். காயம் பத்து நாளில் ஆறிவிட்டது, இவர் இரண்டு மாதம் கட்டுப்போட வந்தார்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரிப்பேன். ஆனால் இரண்டு குடும்பமும் சிரிக்கவில்லை. பள்ளிப்பட்டிலும் கதவைச் சாத்தினார்கள், தூத்துக்குடியிலும் கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவு சாத்தியதுதான். நான் பிறந்த பிறகும் திறக்கவில்லை.

ஆக, நான் வீட்டில் அப்பாவை நைனா என்றும், கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது மாதாவே என்றும் சொல்லி வளர்ந்தேன். மாதா கோயில் திருவிழாவில், “பேரு ரேணுகாவா? ஞானஸ்நானப் பேரு என்னம்மா?” என்பார்கள். ஆடி மாதம் அம்மன் கோயில் கூழ் வரிசையில், “உங்கம்மா பேரு மேரியாமே?” என்பார்கள். இரண்டு இடத்திலும் கை நிறையக் கொடுத்தார்கள். பொய் சொல்லக் கூடாது. கொடுக்கிற கையோடு ஒரு கேள்வியையும் கொடுத்தார்கள். எனக்கு அந்த வயதில் கோபம் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. இவர்களுக்கெல்லாம் பதில் தெரிந்திருக்கிறதே, நமக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்கிற ஆச்சரியம்.

தொழிற்சாலைக் குவார்ட்டர்சில் எங்கள் வரிசையில் ஏழு வீடுகள். எங்களுடையதைக் கழித்தால் ஆறு. பொங்கலுக்கு ஆறு வீடும் ஊருக்குப் போய்விடும். போகி அன்று காலையில் வரிசையாக ஆட்டோ வரும். ஒருவர் திருநெல்வேலி, ஒருவர் கோயம்புத்தூர், ஒருவர் திருவாரூர், ஒருவர் நாகர்கோவில். போகும்போது ஒவ்வொருவரும் எங்கள் வாசலில் நின்று, “கஜபதி, சாவி” என்பார்கள். போக ஊர் இல்லாதவன் எங்கேயும் போகமாட்டான் அல்லவா? அவனிடம் சாவியைக் கொடுத்தால் பத்திரம். நைனா ஒரு பலகையில் ஆறு ஆணி அடித்து, வீட்டு எண் எழுதிக் கூடத்தில் மாட்டியிருந்தார். அந்த ஆறு சாவிக்கும் அதிகாரி யார்? பத்து வயது ரேணுகா.

என்ன அண்ணே, பின்னால் கேட்கவில்லையா? தமிழரசு, அந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் திருப்புங்க. சரியா? சரி.

என் வேலை மூன்று. துளசிக்குத் தண்ணீர். மாலையில் வாசல் விளக்கு. மூன்றாவது, தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழிப்பது. இது யாரும் சொல்லிச் செய்யவில்லை. ஆள் இல்லாத வீட்டில் தேதி நின்றுபோனால் பாவமாக இருந்தது, அதனால் நானே கிழித்தேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஆறு வீட்டிலும் ஆறு ஊர்க் கடைகளின் காலண்டர். ஒன்றில் நெல்லை ஜவுளிக்கடை, இன்னொன்றில் திருவாரூர் நகைக்கடை. எங்கள் வீட்டில் தொங்கியது ஆவடி மார்க்கெட் மளிகைக்கடைக் காலண்டர். ஒவ்வொரு வீட்டிலும் நின்று நிதானமாக மோந்து பார்ப்பேன். ஒரு வீட்டில் தேங்காய் எண்ணெய் வாசம், ஒரு வீட்டில் கருவாட்டு வாசம், ஒரு வீட்டில் விபூதி வாசம். ஊர் என்பது இப்படித்தான் மணக்குமோ? அப்படியானால் எங்கள் வீடு எப்படி மணக்கிறது? ஓடிப்போய் எங்கள் வீட்டை மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தன் வீட்டு வாசம் தனக்குத் தெரியாது என்று அப்போது எனக்கு யார் சொல்வது?

அந்த ஆண்டு பொங்கலன்று விடியற்காலையில், ஆறு பூட்டிய வாசலும் வெறிச்சென்று இருப்பதைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. கோலப்பொடியை எடுத்தேன். ஆறு வாசலிலும் கோலம் போட்டேன். இருதயராஜ் மாமா வீட்டு வாசலையும் விடவில்லை, பானையும் கரும்பும் போட்டு வைத்தேன். இருப்பதிலேயே பெரிய கோலத்தை வசந்தா அத்தை வீட்டு வாசலில் போட்டேன். ஏழு வண்ணம். நடுவில் மயில். அத்தை என்று கூப்பிட எனக்கு ரத்தத்தில் யாருமில்லை. இந்த வரிசையில் இருந்தார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தவர் வசந்தகுமாரி அத்தை, கார்த்திகேசன் மாமாவின் மனைவி.

என்ன தெரியுமா? கார்த்திகை மாதம் கார்த்திகேசன் மாமாவின் அப்பா இறந்திருந்தார். அந்த வருடம் அவர்கள் வீட்டுக்குப் பொங்கல் கிடையாது. வண்ணக்கோலம் கூடாது. நம் பிள்ளைகளுக்கு இதை யாரும் பாடமாகச் சொல்லித்தருவதில்லை. சொந்தத்தில் ஒரு சாவு விழும், பண்டிகை நின்றுபோகும், குழந்தை தானாகத் தெரிந்துகொள்ளும். எங்கள் வீட்டில் பண்டிகை நின்றதே இல்லை. நிற்பதற்குச் சொந்தம் வேண்டுமே.

காணும் பொங்கல் மாலையில் ஆட்டோ வந்து நின்றது. நான் பாராட்டு வாங்கப் படியில் தயாராக நிற்கிறேன். மாமா இறங்கினார், வாசலைப் பார்த்தார். அத்தை பார்த்தார். பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னார், மெதுவாகத்தான் சொன்னார்: “சொந்தம் பந்தம்னு இருந்தாத்தானே இதெல்லாம் தெரியும்.”

அத்தை, தலை குனியாதீங்க. நீங்கள் குனிவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. நீங்கள் சொன்னது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் வலித்தது.

என் அம்மா அதைக் கேட்டுவிட்டார். அன்று மாலையே ஆறு சாவியையும் எடுத்துப்போய் அந்தந்த வீட்டில் கொடுத்தார். “புள்ள தெரியாமச் செஞ்சிட்டா. இனிமே எங்ககிட்ட சாவி வேண்டாம்” என்றார். பலகையில் ஆறு ஆணி மட்டும் மிச்சம். அதுவரை எனக்கென்று ஓர் இடம் இருந்தது என்றால் அந்தப் பலகைக்குக் கீழேதான் இருந்தது. அதுவும் போனது.

ஆனால் மறுநாள் காலை ஒன்று பார்த்தேன். கார்த்திகேசன் மாமா ஷிஃப்டுக்குக் கிளம்பினார். கோலம் அழிக்கப்படாமல் அப்படியே இருந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர் வாசலில் நின்றார். சைக்கிளைத் தோளுக்குத் தூக்கினார். கோலத்தைத் தாண்டிக் கால் வைத்து, அந்தப் பக்கம் போய் இறக்கினார். அதற்கடுத்த நாளும் தூக்கினார். மூன்று நாள் தூக்கினார். ஏன்? அவர் வீட்டுக்கு ஆகாத கோலம் அல்லவா? ஏன் தூக்கினார்?

முப்பது ஆண்டுகளாக இந்தக் கேள்வியை வைத்திருக்கிறேன். மாமா, நீங்கள் இங்கேயே இருக்கிறீர்கள். தமிழரசு, அந்த மைக்கை அவரிடம் கொடுங்கள். கூச்சப்படாதீங்க மாமா. ஏன் தூக்கினீங்க?

“அப்பா போனதுலேர்ந்து வீடே பாழடைஞ்ச மாதிரி இருந்துதும்மா. ஊருக்குப் போனா அங்கேயும் அவர் இல்ல. திரும்பி வந்து எறங்கறேன், நம்ம வாசல்ல மயில் நிக்குது. நாம இல்லாதப்ப யாரோ நம்ம வாசலைப் பாத்துக்கிட்டிருக்காங்கன்னு தோணுச்சு. அது மேல எப்படிம்மா சைக்கிள் ஏத்துறது?”

கேட்டீர்களா? கொஞ்சம் பொறுங்கள், எனக்குத் தண்ணீர் வேண்டும்.

அடுத்த ஆண்டு போகி வந்தது. ஆட்டோக்கள் வந்தன. யாரும் எங்கள் வாசலில் நிற்கவில்லை, அம்மாதான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே. வசந்தா அத்தை மட்டும் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்தார். அம்மா, “வேண்டாம்க்கா” என்றார். அத்தை அவரைத் தாண்டி உள்ளே வந்து, என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் சாவியை வைத்தார். கூடவே ஒரு பொட்டலம். பிரித்தால் ஏழு வண்ணப் பொடி. “இந்த வருஷம் எங்க வீட்டுக்குப் பொங்கல் உண்டு. போன வருஷம் போட்ட அதே மயில் வேணும். நாங்க வர்றப்ப வாசல்ல இருக்கணும், சொல்லிட்டேன்” என்றார். ஆட்டோ ஏறிப் போய்விட்டார். மன்னிப்பு என்ற சொல்லே அங்கே வரவில்லை. அதற்கடுத்த ஆண்டு ஆறு ஆணியிலும் ஆறு சாவி தொங்கியது.

அன்பர்களே, அதன் பிறகு நைனா ஓய்வுபெற்று, குவார்ட்டர்சைக் காலிசெய்து பக்கத்திலேயே பாரிவாக்கத்தில் வீடு கட்டினார். நீங்களும் இந்தச் சுற்றுவட்டத்திலேயே தங்கிவிட்டீர்கள். நான் வேலைக்காக ஓசூர் போனேன். மூன்று நாளைக்கு முன், விழாவுக்குக் கிளம்பும்போது வீட்டைப் பூட்டினேன். எதிர்வீட்டு வித்யாவிடம் சாவியை நீட்டினேன். “பொங்கலுக்கு எங்கக்கா?” என்று கேட்டாள். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது: “ஊருக்கு.” சொல்லிவிட்டு நானே திகைத்து நின்றேன். நாற்பது வருடத்தில் அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. பேருந்து நசரத்பேட்டை தாண்டியதும் எழுந்து நின்று பையை எடுத்துக்கொண்டேன். கண்டக்டர், “பூந்தமல்லி வர்றதுக்கு இன்னும் டைம் கீதும்மா, குந்து” என்றார். குந்த முடியவில்லை.

எது ஊர்? எவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்களோ அந்தக் கை இருக்கும் இடம் ஊர். எந்த வாசலில் தவறு செய்தோமோ, எந்த வாசல் அந்தத் தவறைத் தூக்கித் தாண்டியதோ, அந்த வாசல் ஊர். தெலுங்கு பேசிய நைனாவும் ஜெபம் சொன்ன அம்மாவும் எனக்கு ஊர் தராமல் போகவில்லை. ஆறு ஆணி அடித்துத் தந்தார்கள். அதில் ஆறு ஊரை நீங்கள் மாட்டினீர்கள்.

தமிழரசு, உங்கள் சட்டைப்பையில் இருக்கும் அந்தப் பேனாவைக் கொடுங்கள். மற்றவர்களும் உங்கள் நோட்டீசை எடுத்துக்கொள்ளுங்கள். என் பெயருக்குப் பக்கத்தில், அந்த அடைப்புக்குறிக்குள், நான் சொல்லச் சொல்ல எழுதுங்கள். ஆவடி. அவ்வளவுதான்.

எழுதிவிட்டீர்களா? இடம் விட்டு வைத்த தமிழரசுவுக்கும், மேடை தந்த தலைவருக்கும், சைக்கிளைத் தூக்கிய தோளுக்கும், சாவி தந்த கைக்கும், இவ்வளவு நேரம் காது தந்த உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லி, ஊருக்கு வந்தவள் ஊராருக்கு வைக்கும் வணக்கத்தோடு அமர்கிறேன்.